கேப்டன் மாமாவுக்கு விழுந்த மாலை

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் மல்லாட்டை விலையைப் பற்றிச் சண்டை போடாத குறையாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். என் அம்மா செஞ்சியில் பிறந்து ஈப்போவில் வாழ்க்கைப்பட்டவள். மலேசியாவில் ஐம்பது வருடம் இருந்தும் அவள் வாயில் அது மல்லாட்டைதான். எங்கள் தெருக் கடைச் சீனருக்கே அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஆறு வருடம் கழித்து செஞ்சிக்குப் போகிற எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்ட நிம்மதி. கால்களை நீட்டிக்கொண்டு காற்று வாங்கினேன்.

அப்போதுதான் ஜன்னலோரத்து ஆள் குரலைத் தாழ்த்தி, "நம்ப கேப்டன் பூட்டாரு, தெரியுமா?" என்றார்.

"எந்தக் கேப்டன்?"

"செஞ்சியில எத்தினி கேப்டன் இருக்காங்க? கோட்டை ரோட்டு மிலிட்டரிக்காரர்தான். பெயிண்டர் கடை வாசல்ல படம் வெச்சாச்சு. இம்மாம் பெரிய ரோஜா மாலை."

"அடப்பாவமே! போன வாரம்கூட ரேஷன் கடையில நின்னுகினு எல்லாரையும் வரிசையில வுட்டுகினு இருந்தாரே!"

செஞ்சி கோட்டை ரோட்டில் இருக்கிற ஒரே மிலிட்டரிக் கேப்டன் என் தாய்மாமா. அவருடைய எண்பதாம் கல்யாணத்துக்குத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் படத்துக்குச் சொல்லியிருந்ததும் நான்தான். கேப்டன் யூனிஃபார்மில் மாமாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது என்று, நான்கு மாதத்துக்கு முன்னால் செஞ்சி பெயிண்டர் ஒருவரின் நம்பரைத் தேடிப் பிடித்து, மாமாவின் பழைய போட்டோக்களை அனுப்பி, ஆளுயரத்துக்கு ஓர் எண்ணெய் ஓவியம் வரையச் சொல்லியிருந்தேன். யாருக்கும் தெரியாத பரிசு. அந்தப் படத்தில் மாலை ஏறியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? 

என் மலேசிய சிம்கார்டு சென்னையிலேயே உயிரை விட்டிருந்தது. முன் சீட்டுக்காரரிடம் செல்போனைக் கடன் வாங்கி மாமா நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. "யாருக்கு சார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே அவர் மேல் பரிதாபமாகிவிட்டது. கையிலிருந்த மல்லாட்டைப் பொட்டலத்தை அப்படியே என் மடியில் வைத்தார். ஆறுதலுக்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். செஞ்சிக்கு ஐந்தாறு மைல் இருக்கும்போது பஸ் டயர் பஞ்சர். "அஞ்சே நிமிசம்" என்று கண்டக்டர் இறங்கினார். ஈப்போவில் பஸ் நின்றால் ஜனங்கள் புகார் கொடுக்க நம்பர் தேடுவார்கள். இங்கே பாதிப் பேர் இறங்கி டயர் மாற்றுகிறவருக்கு யோசனை சொன்னார்கள், மீதிப் பேர் புளியமரத்தடிக்குப் போனார்கள். ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரமாக நீண்டது. நான் சாலையோரம் நின்று மல்லாட்டை தின்றுகொண்டே அழுதேன். துக்கத்தில் பசிக்காது என்று யார் சொன்னார்களோ, அவர்கள் விமானத்தில் வந்திருக்க மாட்டார்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலையாக மாலை வாங்கினேன். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. பூக்காரம்மா, "விசேஷத்துக்கா, சாவுக்கா சார்?" என்று கேட்டாள். "சாவுக்கு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். "அழாத சார். யாரு இங்க நிரந்தரம்?" என்று சொல்லி, பெரிய மாலையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியபோதே பார்த்துவிட்டேன். மாமா வீட்டு வாசலில் சாமியானா. வரிசையாக நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எனக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டுமா, ஆட்டோவிலேயே விட வேண்டுமா என்று புரியாமல் ஒரு காலில் செருப்போடு இறங்கினேன்.

"டேய், அந்தக் கம்பம் சாயுது பார்றா! கண்ணு இன்னா பொடரியிலயா இருக்குது?"

அந்தக் குரல் ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு. காக்கி அரை டிராயரும் வெள்ளை பனியனும் போட்டுக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றி, சாமியானாக்காரர்களைப் பரேடு வாங்கிக்கொண்டிருந்தார் என் மாமா. கல்யாணத்துக்காகக் கட்டுகிற சாமியானா அது!

ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். வாய்விட்டு அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், நடுத்தெருவில், ஒற்றைச் செருப்போடு. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

"இன்னாடா, பிளேன்ல சோறு போடலியா?" என்றார் மாமா.

"போனை ஏன் மாமா எடுக்கலை?"

"சார்ஜ்ல கெடக்குது. அதுக்கா அழுவுற? கையில இன்னா அது?"

அப்போதுதான் மாலை நினைவுக்கு வந்தது. "எண்பதாம் கல்யாணத்துக்கு வாங்கினேன், மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அது நாளன்னைக்கி இல்ல?"

அதற்குள் அத்தை, மாமாவின் மனைவி, வெளியே வந்துவிட்டாள். "புள்ள ஆசையா வாங்கினு வந்திருக்குது. போட்டுக்கோங்க" என்று மாலையை என் கையிலிருந்து வாங்கித் தானே அவர் கழுத்தில் போட்டாள். சாவுக்கு என்று கேட்டு வாங்கிய மாலை! தடுக்கவும் முடியவில்லை, காரணம் சொல்லவும் முடியவில்லை. அன்றைக்கு முழுக்க மாமா இருமினால்கூட எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் எட்டு இட்லி சாப்பிட்டார். அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

மறுநாள் காலையில் அத்தை கேழ்வரகு அடையும் வெல்லமும் வைத்தாள். ஈப்போவில் பரோட்டா போலச் சுடுகிற ரொட்டி சானாயைப் பற்றி நான் பெருமையாகப் பேசியதுண்டு. அந்த அடையைத் தின்றபோது வாயை மூடிக்கொண்டேன். தின்று முடிப்பதற்குள் கல்யாணச் சமையல்காரர் வந்தார். "கேப்டன் சார், சாம்பார் எத்தினி பேருக்கு?" என்றார்.

"சுபேதார் மேஜர்னு சொல்லுய்யா" என்றார் மாமா.

"ஊரே கேப்டன்னுதான சொல்லுது?"

"ஊரு சொல்லும். அந்த மூணு ஸ்டாரை நான் ஒரு நாளும் தோள்ல போட்டு வேலை பாத்தது இல்ல. போடாததுக்குப் பேர் வெச்சிக்கறது நமக்கு ஆவாது."

விஷயம் இதுதான். மாமா சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதார் மேஜர் வரை உயர்ந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து, கௌரவ கேப்டன் பதவி கொடுத்திருப்பதாகத் தபாலில் உத்தரவு வந்தது. நல்ல சேவைக்கு ராணுவத்தில் கொடுக்கிற மரியாதை. மற்றவர்கள் அந்த யூனிஃபார்மைத் தைத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். மாமா அந்தக் காகிதத்தை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் என்ன செய்திருக்கிறேன்? அந்த மூன்று நட்சத்திரத்தையும் பளிச்சென்று தெரிகிற மாதிரி வரையச் சொல்லியிருக்கிறேன். வெல்லம் கசந்தது.

படத்தை வீட்டில் யாரும் பார்ப்பதற்கு முன்னால் மாலையை எடுக்க வைக்க வேண்டும். நட்சத்திரத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். பல் குத்துகிற சாக்கில் வெளியே வந்து நடந்தேன். எங்கள் ஈப்போவிலும் மலை உண்டு. மழையில் கரைந்து பச்சை மூடிய சுண்ணாம்பு மலை. செஞ்சி மலை அப்படியில்லை. யாரோ வண்டி வண்டியாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டி, அடுக்குவதற்கு ஆள் வராமல் விட்டுவிட்ட மாதிரி நிற்கிறது. கடைத்தெருவில் அதை ஏறிட்டுப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான்.

பெயிண்டர் கடை வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். ஓவியம் என்று ஒரு கணம் தோன்றவே இல்லை. பீக் கேப், கரும்பச்சைக் கோட்டு, குறுக்கே தோல் பெல்ட், பெல்ட்டைத் தொடுகிற இடது கை. அந்தக் கண், கம்பம் சாய்கிறதா என்று பார்க்கிற அதே கண். ஆனால் இரண்டு தோளையும் மூடி இடுப்பு வரை தொங்கியது ரோஜா மாலை. ஒவ்வோர் இதழுக்கும் நிழல். காலடியில் குத்துவிளக்கு. கீழே 'தோற்றம்' என்று எழுதி மாமாவின் பிறந்த தேதி. பக்கத்தில் 'மறைவு' என்று எழுதி, தேதிக்குச் சாக்பீஸால் ஒரு கட்டம்.

பெயிண்டர், ஐம்பது வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தார். "மலேசியா சாரா? வாங்க, வாங்க. துக்கத்துல அலைஞ்சி வந்திருப்பீங்க. அந்த இன்னொரு தேதி மட்டும் குடுத்துட்டீங்கன்னா..."

"ஆள் உயிரோட இருக்காருய்யா!" என்று கத்தினேன்.

அவர் கண்ணாடி நெற்றியிலிருந்து தானே மூக்குக்கு இறங்கியது. படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு யாரு சார் பெயிண்டிங் போடுறாங்க? உயிரோட இருந்தா ஃபிளக்ஸ் பேனர். செத்தாத்தான் சார் எங்கிட்ட வருவாங்க. பதினஞ்சி வருசமா அப்படித்தான். அதுவும் வெளிநாட்டுல இருந்து ஆர்டர் வந்தா, சாவுக்கு வர முடியாதவங்கதான் அனுப்புவாங்க. நீங்க வேற வீட்ல சொல்லாதன்னுட்டீங்க. யாரைப் போய்க் கேக்கறது?"

"படம் எப்படி வந்திருக்குன்னு நீங்க எனக்கு அனுப்புன போட்டோவுல மாலையே இல்லையே?"

"ஃபினிஷிங் மட்டும் பாக்கின்னு சொன்னனே சார். அதான் ஃபினிஷிங்."

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் அம்மா இறந்தபோது மாமாவால் ஈப்போவுக்கு வர முடியவில்லை. அவர் அப்போது அனுப்பியதும் ஒரு படம்தான்: அம்மாவின் கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு. பெயிண்டர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

"எடுத்துட முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும் சார். ஆளை முழுசா முடிச்சி, காய வெச்சி, ஒரு கை வார்னிஷ் அடிச்சிதான் மேல மாலை போடுவேன். சில வீட்ல ரோஜா வேணாம், சந்தன மாலை போடுன்னுவாங்க. அடியில இருக்கறது கெடாம அழிக்கணுமில்ல? இது போட்டு நாலு நாள்தான் ஆவுது. டர்பன்டைன்ல தொட்டுத் துணியால தொடைச்சா வந்துடும்."

 அவர் பழைய வேட்டித் துணியைக் கிழித்து டர்பன்டைனில் நனைத்தார். வாசலில் ஒரு காய்கறிப் பை பொத்தென்று விழுந்தது. கத்தரிக்காய் இரண்டு ரோட்டுக்கு உருண்டன.

அத்தை.

மார்க்கெட்டில் தெரிந்த பெண் ஒருத்தி அத்தையைப் பார்த்ததும், "இன்னாக்கா, பூவும் பொட்டுமா வந்திருக்கீங்க?" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். எங்கே கேள்விப்பட்டாய் என்று அத்தை விசாரித்து, அங்கிருந்து நேராக வந்திருக்கிறாள். அவள் பின்னால், செய்தி கேட்டு, மாமாவும் வேகநடையில் வந்து சேர்ந்தார்.

அத்தை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு 'மறைவு' என்ற எழுத்தைப் பார்த்தாள். 

"அத்தை, தப்பு என்னுதுதான்" என்றேன். நான்கு மாதக் கதையையும் நான்கு வரியில் சொன்னேன்.

"யம்மா, இதோ தொடைச்சிடறேன்" என்று பெயிண்டர் துணியை எடுத்தார்.

"தள்ளு நீ. என் தாலியை அறுத்து வாசல்ல மாட்டி வெச்சிருக்க. நான் தொடைக்கிறேன்."

துணியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். முதலில் 'மறைவு' போயிற்று. பக்கத்திலிருந்த சாக்பீஸ் கட்டத்தோடு ஒரே இழுப்பு. அப்புறம் மாலையைக் கீழேயிருந்து துடைக்க ஆரம்பித்தாள். "மெதுவா யம்மா, ஒரே பக்கமா" என்று பெயிண்டர் பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சிவப்பு கரைந்து துணியில் ஏறியது. டர்பன்டைன் வாடை கண்ணைக் கரித்தது. கோட்டின் பித்தளைப் பொத்தான் தெரிந்தது. பிறகு மார்பில், வரிசையாக, மெடல்கள்.

எனக்கு ஆச்சரியம். "மாலை மறைச்சிடும்னு தெரிஞ்சும் இதையெல்லாம் ஏன் வரைஞ்சீங்க?" என்று பெயிண்டரிடம் கேட்டேன்.

"மனுசனுக்கு இருந்தா படத்துக்கும் இருக்கணும் சார்" என்றார் அவர்.

துடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை முதல் மெடலில் நின்றது. "இது இன்னாது?"

"பனிமலையில இருந்ததுக்கு" என்றார் மாமா. அவர் குரலில் பரேடு இல்லை.

"பெரியவன் பொறந்தப்போ" என்றாள் அத்தை. "தந்தி அடிச்சி இருபது நாள் கழிச்சிதான் உங்களுக்குத் தெரிஞ்சிது." துடைத்தாள். "இது?"

"நாகாலாந்து."

"புயல்ல கூரை பறந்துச்சே, அப்போ. ரெண்டு புள்ளைங்களையும் இழுத்துகினு பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்தேன். இது?"

"ஒம்போது வருச சர்வீஸ்."

"எங்க நைனா செத்தப்போ. நீங்க வந்தப்போ பதினாறாம் நாளும் முடிஞ்சிடுச்சி."

அவள் குறையாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மாமா மெடலின் பெயரைச் சொல்வதும் அத்தை அதன் இன்னொரு பெயரைச் சொல்வதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய மார்பில் தொங்குகிற ஒவ்வொன்றுக்கும் வீட்டில் அவர் இல்லாத ஒரு நாள் இருந்தது. மாமா எண்பது வருடத்தில் இந்தக் கணக்கைக் கேட்டதே இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். செத்துப்போன கேப்டன் தன் படத்துக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பதைக் கண்டு ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கியேவிட்டார்.

துணி தோளுக்கு ஏறியது. கடைசி ரோஜாவும் அழிந்தது. மூன்று நட்சத்திரங்கள்.

மாமா ஓர் அடி முன்னால் வந்தார். "அது வேணாம்" என்றார் பெயிண்டரிடம். "அதையும் அழிச்சிடு. மத்தது எல்லாம் நான் போட்டது. இது நான் போடாதது."

பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தை துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நட்சத்திரங்களையே பார்த்தாள்.

"இது எப்போ குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"ரிட்டயர் ஆன பொறவு. தபால்ல வந்துச்சே, நீதான கையெழுத்துப் போட்டு வாங்கின."

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க இருந்தேன்? வீட்லதான் இருந்தேன். கொல்லையில மல்லாட்டை காய வெச்சிகினு இருந்தோம்."

"வீட்ல இருந்தப்போ வந்தது இது ஒண்ணுதான்" என்றாள் அத்தை. "அப்போ இது என்னுது. இருக்கட்டும்."

துணியைப் பெயிண்டர் கையில் கொடுத்துவிட்டு, உருண்டுபோன கத்தரிக்காய்களைப் பொறுக்க ரோட்டுக்கு இறங்கிவிட்டாள்.

மாமா படத்துக்கு எதிரில் வந்து நின்றார்.  பிறகு பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, படத்துக்கு மிக அருகில் போய்க் கண்ணைச் சுருக்கினார்.

"பெயிண்டர், அந்த மூணாவது ஸ்டார் கொஞ்சம் சாஞ்சி இருக்குது பாரு" என்றார். "நேராக்கிக் குடு. நாளைக்கி மாட்டணும்."